ஸ்கைடைவிங் பழக ஆசையா? டேண்டமிலிருந்து ஏ லைசென்ஸ் வரை

“அம்மா, ஸ்கைடைவிங் கிளாஸில் சேர்ந்திருக்கிறேன்” என்று போனில் சொன்னேன். “டிரைவிங்கா? உனக்குத்தான் கார் ஓட்டத் தெரியுமே” என்றார். நான் திருத்தவில்லை. லைசென்ஸ் கையில் வந்த பிறகு போட்டோ அனுப்பினேன். இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது நினைத்தால் அம்மா காதில் விழுந்தது பெரிய தப்பில்லை என்று தோன்றுகிறது. விமானத்திலிருந்து விழ யாரும் கற்றுத்தர வேண்டாம், அதைப் பூமி பார்த்துக்கொள்ளும். விரிந்த பாராசூட்டை ஓட்டி வந்து, காற்றைப் பார்த்துத் திருப்பி, கால் உடையாமல் தரையில் நிறுத்துவதுதான் வகுப்பின் பெரும்பகுதி. சேர வரும் பலருக்கும் இது தெரிவதில்லை. அந்த ஒரு நிமிட வீழ்ச்சியைப் பற்றியே கனவு கண்டுகொண்டு வருவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

நான் பழகியது அமெரிக்காவில். அங்கே யூ.எஸ்.பி.ஏ. என்கிற பாராசூட் சங்கம்தான் பாடத்திட்டமும் லைசென்ஸும் தருகிறது. அதில் முதல் படிதான் ஏ லைசென்ஸ். அந்த முறையை வைத்தே இதை எழுதுகிறேன். மற்ற நாடுகளிலும் அடிப்படை ஏறக்குறைய இதுதான்.

முதலில் ஒரு டேண்டம்

நேரே வகுப்பில் சேரலாம், தடையில்லை. ஆனால் முதலில் ஒரு டேண்டம் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். டேண்டம் என்றால் இன்ஸ்ட்ரக்டரின் மார்போடு உங்களைக் கட்டிக்கொண்டு குதிப்பது. பாராசூட் அவர் முதுகில். நீங்கள் செய்ய வேண்டியது மூன்றே மூன்று: குதிக்கும்போது இடுப்பை முன்னே தள்ளித் தலையைப் பின்னே சாய்த்து வில்லாக வளைவது, அவர் தோளைத் தட்டினால் கைகளை விரிப்பது, இறங்கும்போது கால்களை நன்றாகத் தூக்கிக்கொள்வது. அரை மணி நேரப் பயிற்சி போதும்.

பெரும்பாலும் 10,000 முதல் 14,000 அடியில் கதவு திறக்கும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ராட்டினத்தில் இறங்கும்போது வயிறு மேலே வருமே, அது இதில் இல்லை. விமானம் ஏற்கெனவே மணிக்கு 150 கிலோமீட்டர் அளவில் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் காற்றிலேயே நீங்கள் சாய்ந்துவிடுகிறீர்கள். முதல் 1,000 அடி விழச் சுமார் பத்து வினாடி. அதற்குப்பின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஐந்தரை வினாடி. மணிக்கு 190 கிலோமீட்டரை ஒட்டி வேகம் நிலைத்துவிடும், அதற்கு மேல் ஏறாது. விழுகிற மாதிரியே இருக்காது. பலத்த காற்றின் மேல் படுத்திருக்கிற மாதிரி இருக்கும், சத்தம் மட்டும் காதைப் பிய்க்கும்.

இந்தியாவில் ஹரியானாவின் நார்னோலில் டேண்டம் நடக்கிறது. டெல்லியிலிருந்து சாலை வழியே சில மணி நேரப் பயணம். மைசூரு, லோனாவாலா அருகே ஆம்பி வேலி போன்ற இடங்களிலும் அவ்வப்போது முகாம்கள் நடந்திருக்கின்றன. 2022-ல் வந்த தேசிய வான் விளையாட்டுக் கொள்கையில் ஸ்கைடைவிங்கும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் வாரக் கடைசிக்கு வாரக் கடைசி போய்க் குதிக்கிற அளவுக்கு நம் பக்கம் இன்னும் வசதி வரவில்லை.

டேண்டம் முடிந்து இறங்கியதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான். ‘சூப்பரா இருந்துச்சு’ என்று எல்லாரும்தான் சொல்வார்கள். அடுத்த தடவை அந்தக் கைப்பிடியை நானே இழுக்கணும் என்று தோன்றியதா? தோன்றவில்லை என்றால் வீடியோவை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பலாம், மிச்சமாகும் பணம் அதிகம்.

சேருவதற்கு முன்

அமெரிக்காவில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எடைக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு வரம்பு உண்டு, பெரும்பாலும் 100 கிலோவைச் சுற்றி. சில இடங்களில் அதற்கு மேல் கூடுதல் கட்டணம், சில இடங்களில் அனுமதியே இல்லை. இதயக் கோளாறு, வலிப்பு, முதுகுத்தண்டுப் பிரச்சினை, தோள் மூட்டு நழுவிய வரலாறு, இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். தோள் விஷயத்தை முக்கியமாகச் சொல்கிறேன். கை எட்டிப் பிடிக்கவில்லை என்றால் இந்த விளையாட்டே இல்லை.

மூக்கடைப்பும் சளியும் இருக்கிற நாளில் குதிக்காதீர்கள். சில நிமிடங்களில் 13,000 அடி இறங்கும்போது காதுக்குள் அழுத்தம் சமமாகவில்லை என்றால் வலி உயிர் போகும். ஸ்கூபா டைவிங் போனவர்கள் ஒரு நாள் முழுக்க இடைவெளி விட வேண்டும். கண்ணாடி போடுபவர்கள் கவலைப்பட வேண்டாம், அதற்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் பெரிய காகிள்ஸ் இருக்கிறது.

காலையில் வெறும் வயிற்றோடு வராதீர்கள். வாந்தி வரும் என்று பயந்து பட்டினி கிடப்பவர்களுக்குத்தான் தலை சுற்றுகிறது. நான்கு இட்லி சரியான அளவு.

உடை என்றால் டிராக் பேன்ட், டி-ஷர்ட், நாடா கட்டும் ஷூ. பாதத்துக்கு மேலே நாடா மாட்ட உலோகக் கொக்கி இருக்கும் மலையேற்ற ஷூ வேண்டாம், பாராசூட் கயிறு அதில் சிக்கும். 2018-ல் இந்திய ஸ்கைடைவர் ஷீத்தல் மகாஜன் தாய்லாந்தின் பட்டாயாவில் ஒன்பது கஜப் புடவை கட்டிக்கொண்டு 13,000 அடியிலிருந்து குதித்தார். அவர் அதற்கு முன் வட துருவத்திலும் குதித்தவர், பத்மஸ்ரீ வாங்கியவர். நமக்கு டிராக் பேன்ட் போதும்.

பணம். அமெரிக்காவில் ஏ லைசென்ஸ் வரை மொத்தமாக 3,000 முதல் 4,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு நிலையில் தேறாமல் திரும்பக் குதிக்க வேண்டி வந்தால் அது தனி. முன்பணமாக மொத்தத்தையும் கட்டச் சொன்னால், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நான்காவது ஜம்போடு நிறுத்திவிட்டார். மிச்சப் பணத்துக்கு அலைந்ததுதான் தனக்குப் பெரிய சாகசம் என்பார்.

இன்ஷூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். பல பாலிசிகளில் ஆபத்தான விளையாட்டுகளுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி ஒளிந்திருக்கும்.

எங்கே பழகலாம்

ஸ்கைடைவிங் நடக்கும் இடத்தை டிராப் ஸோன் என்பார்கள். அமெரிக்காவில் அரிசோனாவின் ஈலாய், கலிபோர்னியாவின் பெரிஸ், புளோரிடாவின் டிலேண்ட் மூன்றும் பேர்போனவை. ஸ்பெயினில் எம்பூரியாபிராவா, வளைகுடாவில் துபாய், நமக்குப் பக்கமாக வேண்டும் என்றால் தாய்லாந்து.

பேர்போன இடம்தான் வேண்டும் என்றில்லை. வாரத்தில் எத்தனை நாள் விமானம் பறக்கிறது, மாணவர்களுக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்டர்கள், இறங்குமிடம் எவ்வளவு அகலம், சுற்றிலும் மின்கம்பியும் மரமும் எவ்வளவு, இவற்றைக் கேளுங்கள். சேருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். கட்டணம் இல்லை. மாணவர்கள் இறங்கியதும் இன்ஸ்ட்ரக்டர் உட்கார வைத்துப் பேசுகிறாரா, அல்லது அடுத்த விமானத்துக்கு ஓடிவிடுகிறாரா என்று கவனித்தால் பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று, வானிலை. மாணவர்களுக்குக் காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டக்கூடாது என்பது யூ.எஸ்.பி.ஏ. விதி. மேகம் அடைத்துக்கொண்டாலும் குதிக்க முடியாது. ஒரு சனிக்கிழமை ஏழு மணிக்குப் போய், மாலை ஐந்து வரை காற்றின் திசை காட்டும் காற்றுக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு ஜம்ப்கூட இல்லாமல் திரும்பியிருக்கிறேன். இரண்டு வார லீவில் போய் முடித்துவிடலாம் என்று டிக்கெட் போடுபவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டுப் போனால் மறந்துபோகும். 30 நாள் குதிக்கவில்லை என்றால் மாணவர் மறுபடி இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு ஜம்ப் போக வேண்டி வரும்.

முடிந்தால் முதல் ஜம்புக்கு முன் விண்ட் டனலில் பத்துப் பதினைந்து நிமிடம் செலவழியுங்கள். கீழிருந்து மேலே காற்றடிக்கும் கண்ணாடிக் குழாய் அது. ஈலாயிலும் துபாயிலும் இருக்கிறது, சிங்கப்பூரின் செந்தோசாவிலும் இருக்கிறது. ஒரு ஜம்பில் வீழ்ச்சி ஒரு நிமிடத்துக்கும் குறைவு. டனலில் 15 நிமிடம் என்றால் 15 ஜம்புக்கு மேல் உடம்பு பழகிவிட்டது என்று கணக்கு.

கிரவுண்ட் ஸ்கூல்

இன்று பெரும்பாலோர் பழகும் முறைக்கு ஏ.எஃப்.எஃப். என்று பெயர். 1980-களின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு முன் விமானத்தோடு கட்டிய கயிறு தானாகவே பாராசூட்டை இழுத்துவிடும். மாணவர் பல ஜம்புக்குப் பிறகே சுதந்திர வீழ்ச்சியைக் காண்பார். ஏ.எஃப்.எஃப்.-ல் முதல் நாளே முழு உயரத்திலிருந்து, உங்கள் முதுகில் உங்கள் பாராசூட்டோடு குதிக்கிறீர்கள். இரண்டு இன்ஸ்ட்ரக்டர்கள் இருபுறமும் உங்களைப் பிடித்துக்கொண்டே விழுவார்கள். தேறத்தேற ஒருவர் விலகுவார், அப்புறம் மற்றவரும் கையை விடுவார்.

அதற்கு முன் ஆறேழு மணி நேர வகுப்பு. காலையில் வரும் பாதிப் பேர் இதைச் சடங்கு என்று நினைத்து உட்கார்வார்கள். மதியத்துக்குள் முகம் மாறிவிடும்.

முதுகுப் பையில் இரண்டு பாராசூட் இருக்கிறது: மெயின் ஒன்று, ரிசர்வ் ஒன்று. மெயினைத் திறக்க, பையின் அடியில் வலது இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னக் கைப்பிடி. அதை உருவி எறிந்தால் சிறு குடை ஒன்று காற்றைப் பிடித்து மெயினை வெளியே இழுக்கும். மார்பின் வலது பக்கம் சிவப்புத் திண்டு போல ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் மெயின் உங்களைவிட்டுக் கழன்றுபோகும். இடது பக்கம் இருப்பது ரிசர்வைத் திறப்பது.

வரிசைதான் உயிர். மெயின் சரியாக விரியவில்லை என்றால் முதலில் வலது, பிறகு இடது. மாற்றிச் செய்தால் ரிசர்வ் போய் மெயினோடு சிக்கிக்கொள்ளும். இதை மேசையில் உட்கார்ந்து கேட்டால் எளிதாகத்தான் இருக்கும். கூரையிலிருந்து தொங்கும் ஹார்னஸில் உங்களை மாட்டி, அந்தரத்தில் ஆட்டிவிட்டு, முகத்துக்கு நேரே ஒரு படத்தைக் காட்டுவார்கள். “இது நல்ல பாராசூட்டா?” முறுக்கிய கயிறு. “உதைத்துப் பிரி.” அடுத்த படம், கிழிந்து ஒரு பக்கம் சரிந்தது. “பார், பிடி, இழு. பார், பிடி, இழு.” எனக்கு ஒன்பதாவது தடவையும் கை முதலில் இடது பக்கமே போனது. இன்ஸ்ட்ரக்டர் கோபப்படவில்லை. “சரி, இன்னும் இருபது தடவை” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

அந்த இருபதும்தான் இந்த விளையாட்டு. பயப்படாதவர்களுக்குத்தான் இது என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். பயந்த நிலையிலும் கை தானாகச் சரியான இடத்துக்குப் போவதற்காகத்தான் இந்தத் தேய்ப்பெல்லாம்.

இந்தக் கழற்றும் அமைப்பில் ஓர் அழகு உண்டு. தோள்பட்டையில் பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று மடங்கியிருக்கும். ஒவ்வொரு வளையமும் சுமையைக் குறைத்து அடுத்ததற்குக் கொடுக்கும். கடைசியில் மிஞ்சும் சிறு சுமையை மட்டும் ஒரு மெல்லிய துணிக்கண்ணியும் ஒரு கம்பியும் தாங்கி நிற்கும். கம்பியை இழுத்தால் மூன்றும் படபடவென்று பிரிந்துவிடும். பில் பூத் என்பவரின் கண்டுபிடிப்பு. டேண்டம் முறை உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. முதல் தடவை அதை என் கையாலேயே பிரித்துச் சேர்த்துப் பார்த்தபோது, எந்தப் பேச்சும் தராத நம்பிக்கை அதில் வந்தது. உங்கள் பள்ளியிலும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் மயங்கியே போனாலும் ஒரு காவல் உண்டு. பைக்குள் ஏ.ஏ.டி. என்ற சிறு கருவி காற்றழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கும். சுமார் 750 அடியிலும் நீங்கள் வீழ்ச்சி வேகத்திலேயே போனால் ரிசர்வின் கட்டை அறுத்துவிடும். 1991-ல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் கருவிதான் இதைப் பரவலாக்கியது. ஆனால் அதை நம்பி யாரும் குதிப்பதில்லை. சீட் பெல்ட் இருக்கிறது என்று சுவரில் மோதுகிறோமா என்ன?

முதல் ஜம்ப்

நிறையத் தயாராகிப் போவீர்கள். கதவு திறந்ததும் எல்லாம் பறந்துபோகும். இது எல்லாருக்கும் நடப்பதுதான். முதல் ஐந்தாறு வினாடி எனக்கு நினைவே இல்லை. வலது பக்கத்து இன்ஸ்ட்ரக்டர் என் முகத்துக்கு முன்னே இரண்டு விரலை நீட்டியபோதுதான் சுயநினைவு வந்தது. இரண்டு விரல் என்றால் காலை நீட்டு. கையை ஆட்டிக் காட்டினால் உடம்பைத் தளர்த்து. ஒற்றை விரலைச் சுட்டினால் உடனே இழு.

வேலை இவ்வளவுதான்: அடிவானத்தைப் பார், கையில் கட்டிய ஆல்ட்டிமீட்டரில் உயரத்தைப் பார், இன்ஸ்ட்ரக்டரைப் பார். கைப்பிடி இருக்கும் இடத்தை மூன்று தடவை தொட்டுப் பழகு. 6,000 அடி வந்ததும் வேறெதுவும் செய்யாதே. 5,500-ல் கையை ஆட்டிக் காட்டிவிட்டு இழு. மொத்தமே முக்கால் நிமிடம்.

சில்லறைக் குறிப்பு ஒன்று: கீழே பார்க்காதீர்கள். பார்த்தால் மார்பு குழியும், உடம்பு தள்ளாடும். அடிவானத்தையே பாருங்கள்.

இனிமேல்தான் டிரைவிங்

இழுத்த பின் மூன்று நான்கு வினாடி இழுபடுவீர்கள், திடீரென்று சத்தம் நிற்கும். அந்த அமைதியில் மெய்மறந்து போகாதீர்கள். நிமிர்ந்து பாருங்கள். செவ்வகமாக விரிந்திருக்கிறதா? ஆடாமல் பறக்கிறதா? தலைக்கு மேலே பாராசூட்டைத் திருப்ப இருக்கும் இரண்டு கைப்பிடியையும் இழுத்தால் சொன்னபடி திரும்புகிறதா, வேகம் குறைகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் நல்ல பாராசூட். இல்லை என்றால் 2,500 அடிக்குள் முடிவு எடுத்தாக வேண்டும். அதற்குக் கீழே யோசிக்க நேரமில்லை. ஓரம் சுருண்டிருப்பது, கயிறு இரண்டு சுற்று முறுக்கியிருப்பது எல்லாம் சாதாரணத் தொல்லைகள். கைப்பிடியை அழுத்தியோ காலை உதைத்தோ சரிசெய்யலாம்.

மாணவர் பாராசூட் பெரியது, மெதுவானது. தரைக்கு வர ஐந்து நிமிடம்போல ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் ஓட்டுநர். முதலில் இறங்குமிடம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். சிரிக்காதீர்கள், 5,000 அடியிலிருந்து எல்லாத் திடலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காற்று எங்கிருந்து வருகிறது என்று காற்றுக்கூண்டைப் பாருங்கள். சுமார் 1,000 அடியில் காற்றோடு போக வேண்டும், 600 அடியில் குறுக்கே திரும்ப வேண்டும், 300 அடியில் காற்றை எதிர்த்து நேராக வர வேண்டும். விமானம் ஓடுதளத்துக்கு வருவது போலத்தான். எதிர்காற்றில் இறங்கினால்தான் தரையில் வேகம் குறையும்.

300 அடிக்குக் கீழே திரும்பக்கூடாது. இதைப் பச்சை குத்திக்கொண்டாலும் சரி. திரும்பும்போது பாராசூட் மூக்கைக் குத்திக்கொண்டு வேகமாக இறங்கும். மேலே இருந்தால் அது விளையாட்டு, தரையருகே எலும்புமுறிவு. வேலி எதிரே வருகிறது என்று கடைசி நேரத்தில் வெட்டித் திருப்புவதைவிட, காற்று குறுக்கே அடித்தாலும் நேராக, சிறகு மட்டமாக இறங்குவது எவ்வளவோ மேல்.

கடைசியாக ஃப்ளேர். பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் இரண்டு கைப்பிடியையும் ஒரே சீராக இடுப்புக்குக் கீழே இழுத்தால் பாராசூட் ஒரு கணம் மிதந்து நின்று உங்களைப் பூப்போல வைக்கும். சீக்கிரம் இழுத்தால் மேலேயே நின்று, பிறகு தொப்பென்று போடும். என் இரண்டாவது ஜம்பில் காலடியில் ஓடிவரும் தரையைப் பார்த்துப் பதறி இரண்டாள் உயரத்திலேயே இழுத்துவிட்டேன். ஹெல்மெட் ரேடியோவில் “பொறு, பொறு” என்று குரல் வந்தது, கை கேட்கவில்லை. இழுத்த பிறகு கையை மேலே விடக்கூடாது என்று மட்டும் நல்லவேளை நினைவிருந்தது. விட்டிருந்தால் பாராசூட் முன்னே பாய்ந்திருக்கும். பாதமும் முழங்காலும் ஒட்டவைத்துப் பக்கவாட்டில் உருண்டேன். வகுப்பில் மரப்பெட்டி மேலிருந்து முப்பது தடவை உருட்டிவிட்டபோது சலித்துக்கொண்ட அதே உருளல். கணுக்கால் ஒரு வாரம் வீங்கியிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து கண்ணைத் தரையில் ஒட்டாமல், ஐம்பது அடி முன்னே பார்த்து இறங்குகிறேன்.

25 வரை

ஏ லைசென்ஸுக்குக் குறைந்தது 25 ஜம்ப். ஏ.எஃப்.எஃப். நிலைகள் முடிந்தபின் தனியாகவும், கோச்சோடும் போவீர்கள். காற்றில் திரும்புவது, முன்னே நகர்வது, மற்றொருவரிடம் பாதுகாப்பாகப் போய்ச் சேர்ந்து விலகுவது, குறிவைத்த இடத்துக்கு 20 மீட்டருக்குள் இறங்குவது, தாழ்வான உயரத்தில் வெளியேறி உடனே திறப்பது எல்லாம் ஓர் அட்டையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்க வேண்டும்.

பாராசூட் மடிக்கவும் தெரிய வேண்டும். ரிசர்வை மடிக்க உரிமம் பெற்ற ரிக்கர் இருக்கிறார். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை அவர் பிரித்துச் சோதித்து முத்திரை வைக்க வேண்டும். மெயினை நீங்களேதான். முதல் நாள் எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது, வியர்வையில் துணி நனைந்தது. கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, துணியைப் புடவைக் கொசுவம் போல ஒவ்வொரு மடிப்பாக வெளியே எடுத்து, உள்ளே அடைந்த காற்றை மேலே படுத்து நசுக்கி, பைக்குள் திணிக்க வேண்டும். புதுத் துணி என்றால் பட்டைவிட வழுக்கும். ஒரு பக்கம் திணித்தால் மறு பக்கம் பிதுங்கும். மடிப்பு கொஞ்சம் கோணலானாலும் பெரும்பாலும் திறந்துவிடும். மன்னிக்காத இடங்கள் சில உண்டு: கயிறுகள் சிக்கலின்றி வரிசையாக இருப்பது, விரியும் வேகத்தைக் குறைக்கும் சிறு துணி மேலேறி நிற்பது, சிறு குடையை இழுத்துத் தயார்நிலையில் வைப்பது. கடைசியை மறந்தால் குடை காற்றைப் பிடிக்காமல் பின்னால் வெறுமனே இழுபட்டுக்கொண்டே வரும். அதற்காகவே ஒரு சின்ன ஜன்னலில் நிறம் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். அந்த நிறத்தைப் பார்க்காமல் பையை மூடாதீர்கள்.

ஆபத்து எவ்வளவு?

2023-ல் அமெரிக்காவில் சுமார் 36.5 லட்சம் ஜம்புகள், 10 மரணங்கள் என்பது யூ.எஸ்.பி.ஏ. கணக்கு. 1970-களில் இதைவிடப் பல மடங்கு பேர் இறந்துகொண்டிருந்தார்கள். எண் சிறியதுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ‘காரில் போவதைவிடப் பத்திரம்’ என்று வீட்டில் வாதாடாதீர்கள், இரண்டும் ஒரே தராசில் நிற்காது. எனக்குப் பயனுள்ளதாக இருந்தது வேறொரு விஷயம்: இறப்புகளில் கணிசமானவை பாராசூட் திறக்காமல் நடந்தவை அல்ல. நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழ், தரையருகே தவறாகத் திருப்பியதால் நடந்தவை. அவர்களில் அனுபவசாலிகளும் உண்டு.

லைசென்ஸ் வந்த பிறகு

உடனே சொந்தப் பாராசூட் வாங்க ஓடாதீர்கள். புதிதாக ஒரு முழு செட் 8,000 டாலரைத் தாண்டும், பழையது பாதி விலைக்குக் கிடைக்கும். முதலில் சில மாதம் வாடகைக்கு எடுங்கள். வாங்கும்போது கணக்கு இது: உங்கள் எடையும் கருவிகளின் எடையும் சேர்த்துப் பவுண்டில் எடுத்து, பாராசூட்டின் சதுர அடியால் வகுங்கள். ஏ லைசென்ஸ்காரருக்கு விடை 1-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. 75 கிலோ ஆள் என்றால் 165 பவுண்டு, கருவி 25, மொத்தம் 190. ஆகவே 190 சதுர அடிக்குக் குறையாத பாராசூட். ‘இந்த 150 மலிவாக வருகிறது, சீக்கிரம் பழகிக்கொள்வாய்’ என்று யாராவது சொன்னால், நல்ல நண்பராக இருந்தாலும் வேண்டாம். பழைய செட்டை ரிக்கரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஹெல்மெட்டில் கேமரா மாட்ட 200 ஜம்ப் வரை பொறுங்கள், அதுதான் பரிந்துரை. லைக்குக்காகக் கேமராவைக் கவனிப்பவர் ஆல்ட்டிமீட்டரை மறக்கிறார். இறக்கை வைத்த விங்சூட் உடை போட்டுக் குதிக்கவும் அதே 200 ஜம்ப், அங்கே அது விதியே. ஏ லைசென்ஸ்காரர் 60 நாள் குதிக்கவில்லை என்றால் மறுபடி ஒரு புத்தாக்கப் பயிற்சி எடுக்க வேண்டும். அதனால் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் டிராப் ஸோன் இல்லாதவர்கள் வருடத்துக்கு எத்தனை தடவை போக முடியும் என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு செலவு, இதை எந்த விலைப்பட்டியலிலும் போடமாட்டார்கள். டிராப் ஸோன்களில் ‘முதல்’ எதுவானாலும் அன்று மாலை எல்லாருக்கும் ஒரு பெட்டி பீர் வாங்க வேண்டும். முதல் தனி ஜம்ப், முதல் லைசென்ஸ், ரிசர்வில் முதல் இறக்கம், எதற்கும் விலக்கில்லை. வாய்தவறி ‘இதுதான் எனக்கு முதல் தடவை’ என்று சொன்னாலே போதும், நாலு பக்கமிருந்தும் “பீர்!” என்று கத்துவார்கள். நான் குடிப்பதில்லை என்பதால் பேரம் பேசி, 25-வது ஜம்பன்று ஒரு பெரிய டிரே பிரியாணி கொண்டுபோனேன். பத்து நிமிடத்தில் காலி. பீரும் வாங்க வேண்டியதாகிவிட்டது, ‘டிராப் ஸோனுக்கு முதல் பிரியாணி’ என்று கணக்குச் சொன்னார்கள்.